மீனின் வயதை அறிவது எவ்வாறு?

கல்யாண் நகரை ஒட்டி ஓடும் உல்லாஸ் ஆறு மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறக்கிறது. கல்யாண் சந்திப்பிலிருந்து புணே செல்லும் இருப்புப் பாதை அம்மலையில் ஏறி லோனாவாலாவை அடைகிறது. அங்குள்ள டாட்டா மின் நிறுவனத்தின் மீன் பண்ணையில், மஹசீர் என்னும் பெருங்கெண்டையின் குஞ்சுகள் 1970-களிலிருந்து வளர்க்கப்பட்டுப் பல நீர்நிலைகளில் விடப்பட்டுள்ளன. இத்தகைய மீன்களைப் பேணுவதற்கு அவற்றின் வயதை அறிதல் இன்றியமையாதது. எந்த வயதில் முட்டையிடுகின்றன, ஆண்டுக்கு எவ்வளவு வளர்கின்றன என்பவை தெரியாமல், பிடிக்கத்தக்க குறைந்த அளவு நீளத்தை நிர்ணயிக்க இயலாது.

மரத்தின் குறுக்கு வெட்டில் காணும் வளையங்களைப் போல, மீனின் செதிலிலும் வளையங்கள் உண்டு. வளர்ச்சி தடைப்படும் காலத்தில் அவை நெருங்கி அமைகின்றன. செதிலின் மையத்திலிருந்து இரண்டாம் வளையம் பாதித் தொலைவில் இருப்பின், இன்று 60 செ.மீ. நீளமுள்ள மீன் இரண்டாம் வயதில் ஏறத்தாழ 30 செ.மீ. இருந்திருக்கும் எனக் கணக்கிடலாம். கங்கையின் மிர்கால் மீனை வி. ஜி. ஜிங்ரன் 1959-இல் செதில் கொண்டு ஆராய்ந்தார். கடுங்குளிர் இல்லாத நம் ஆறுகளில் முட்டையிடுதல், இரைக் குறைவு ஆகியவற்றாலும் வளையம் தோன்றக்கூடும். எனவே, மாதந்தோறும் செதில்களைச் சேகரித்து, ஆண்டுக்கு ஒரு வளையமே உண்டாகிறதா எனச் சரிபார்த்தல் வேண்டும்.

நெடுங்காலம் வாழும் மீன்களில் செதில் ஏமாற்றிவிடும். முதுமையில் வளர்ச்சி குன்றுவதால் வளையங்கள் ஓரத்தில் நெருங்கி மறைந்துவிடுகின்றன. அமெரிக்காவின் பெருவாய் பஃபலோ மீன் 26 ஆண்டுகள் வரையே வாழும் என்று முன்பு கருதப்பட்டது. அதன் காதுக்கல்லை மெல்லிய சீவலாக அறுத்து நுண்பெருக்கியில் எண்ணிய ஆய்வாளர்கள், ஒரு மீனின் வயது 112 என 2019-இல் அறிவித்தனர். அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் பெருகிய கதிரியக்கக் கார்பனின் தடம் அக்கணக்கை உறுதி செய்தது. விரைவில் ஈடுசெய்யப்படும் என்று எண்ணிப் பிடிக்கப்படும் மீன், உண்மையில் பல பத்தாண்டுகளின் சேமிப்பாக இருக்கலாம்.

ஆயின், காதுக்கல்லை எடுக்க மீனைக் கொல்ல நேரிடும். அருகிவரும் இனங்களுக்கு இம்முறை ஏற்றதன்று. இயற்கையாக இறந்த மீன்களின் காதுக்கற்களைச் சேமிக்கலாம். பிறந்த ஆண்டு தெரிந்த பண்ணைக் குஞ்சுகளுக்கு அடையாளமிட்டு விட்டு, மீண்டும் பிடிபடும்போது ஓரிரு செதில்களை எடுத்து வளையக் கணக்கைச் சோதிக்கலாம். குஞ்சுகளை விடும் ஒவ்வொரு துறையும் விட்ட ஆண்டு, இடம், நீளம் ஆகியவற்றைப் பதிவேட்டில் குறித்து வைப்பின், பின்வரும் ஆய்வாளர்க்கு அதுவே அளவுகோலாக அமையும்.