தங்க முத்திரையும் கோழிக் குழம்பும்

ஞாயிறு காலையானால் மதுரையில் அம்மாவின் வாட்ஸாப் ஒலிக்கும். கலிபோர்னியாவில் அப்போது சனிக்கிழமை இரவு. "பாட்டி, சாப்டீங்களா? முட்டி வலி எப்டி இருக்கு?" என்பாள் அக்கா மகள். "இருக்குடி கண்ணு, மழைக்குக் கொஞ்சம் கூடுது." அரை மணி நேரம் தங்குதடையின்றிப் பேசுகிறவள்தான். பாட்டிக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னால், "நான் நேத்து பள்ளிகூடம் போனேன். கோளி குளம்பு சாப்டேன்" என்று எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிடுவாள்.

அமெரிக்கப் பள்ளிகள் தரும் 'இருமொழி எழுத்தறிவு முத்திரை'க்கு அவள் தயாராகிறாள். பள்ளிப் படிப்பை முடிக்கும்போது ஆங்கிலத்திலும் இன்னொரு மொழியிலும் தேர்ச்சி காட்டினால், பட்டயத்திலோ மதிப்பெண் பட்டியலிலோ தங்க நிற முத்திரை ஒன்று பதியும். பேசினால் மட்டும் போதாது, படிக்கவும் எழுதவும் வேண்டும் என்பது பெயரிலேயே இருக்கிறது.

அது பிறந்த கதை முக்கியமானது. 1998-ல் கலிபோர்னியா வாக்காளர்கள், இருமொழிக் கல்வியைக் கட்டுப்படுத்தும் 227-ஆம் முன்மொழிவுக்கு ஒப்புதல் தந்தார்கள். பள்ளிகளில் இருமொழிக் கல்வி வெகுவாகச் சுருங்கியது. வீட்டில் ஸ்பானிஷோ வியட்நாமியோ பேசும் பிள்ளையை, ஆங்கிலம் போதாத பிள்ளை என்று மட்டுமே பார்த்த காலம் அது. இன்னொரு மொழி தெரிவது குறையல்ல, தகுதி என்று வாதாடியது 'கலிஃபோர்னியன்ஸ் டுகெதர்' என்ற அமைப்பு. 2011 அக்டோபரில் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் கையெழுத்திட, முத்திரை சட்டமானது. அடுத்த ஆண்டே நியூயார்க் பின்தொடர்ந்தது. 2016-ல் கலிபோர்னியா வாக்காளர்களே 58-ஆம் முன்மொழிவின் மூலம் பழைய கட்டுப்பாட்டை நீக்கினார்கள். இன்று ஏறக்குறைய எல்லா மாநிலங்களிலும் முத்திரை உண்டு. இலினாய்ஸில் அரசுப் பல்கலைக்கழகங்கள் இதற்குப் பாட மதிப்பெண்ணே தருகின்றன.

ஆனால் எல்லா மொழிக்கும் பாதை ஒன்றல்ல. ஸ்பானிஷ், பிரெஞ்சு, சீனம் படிக்கிற பிள்ளைக்கு ஏ.பி. தேர்வு இருக்கிறது; ஐந்துக்கு மூன்று எடுத்தால் கலிபோர்னியாவில் அது போதும். தமிழுக்கு ஏ.பி. தேர்வு கிடையாது. 'அவான்ட்' நிறுவனத்தின் ஸ்டாம்ப் போன்ற வெளித்தேர்வை எழுத வேண்டும், அதைப் பள்ளி மாவட்டம் ஏற்க வேண்டும். புலம்பெயர்ந்தோர் பிள்ளைகளுக்காகப் பிறந்த ஒரு திட்டத்தில், பள்ளி கற்பிக்காத மொழிக்காரப் பிள்ளை அலைய வேண்டியிருப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. பெற்றோர் ஒன்பதாம் வகுப்பிலேயே பள்ளி ஆலோசகரிடம் கேட்டு வைப்பது நல்லது.

அதைவிடப் பெரிய மலை தமிழுக்குள்ளேயே இருக்கிறது. நாம் பேசுகிற தமிழ் வேறு, எழுதுகிற தமிழ் வேறு. வீட்டில் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு 'சாப்டேன்' தமிழ். 'சாப்பிட்டேன்' கிட்டத்தட்ட இன்னொரு மொழி. ல, ள, ழ மூன்றும் அவள் காதில் ஒன்றுதான். அந்த வேறுபாட்டைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர்கள் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளின் ஆசிரியர்கள். பெரும்பாலோர் தன்னார்வலர்கள், வாரம் முழுக்க வேறு வேலை பார்த்துவிட்டு, விடுமுறை நாளில் கரும்பலகை முன் நிற்கிறவர்கள். முத்திரையில் பாதி அவர்களுடையது என்றே நினைக்கிறேன்.

போன வாரம் அக்கா மகள் ஒரு பக்கம் எழுதிப் படமெடுத்து அனுப்பியிருந்தாள். அம்மா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, விரலால் பெரிதாக்கி, வரி வரியாகப் படித்தாள்.

"கோழிக் குழம்ப சரியா எழுதிட்டாடா. பள்ளிக்கூடத்துலதான் இன்னும் 'க்' வரல."

இன்னொரு தரம் முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.