6,000 தோட்டா... ஒருமுறைகூடத் திணறவில்லை!

1911 மார்ச் மாதம். அமெரிக்க ராணுவத்துக்குப் புதிய கைத்துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்கும் கடைசிச் சோதனை. போட்டியில் மிஞ்சியவை இரண்டுதான். ஜான் மோசஸ் பிரவுனிங் வடிவமைத்த கோல்ட் ஒன்று, சாவேஜ் நிறுவனத்தின் பிஸ்டல் மற்றொன்று. தலா 6,000 தோட்டாக்கள் சுட வேண்டும். 100 தோட்டா முடிந்ததும் சூடு ஆற 5 நிமிடம். 1,000 தோட்டாவுக்கு ஒருமுறை துடைத்து எண்ணெய் விடலாம். முடிவில் சாவேஜ் 37 முறை கோளாறு செய்திருந்தது. கோல்ட்? பூஜ்யம்!

மார்ச் 29 அன்று ராணுவம் அதை ஏற்றுக்கொண்டது. 'எம்1911' என்று பெயரும் வைத்தது.

இவ்வளவு கெடுபிடிக்குக் காரணம் இருந்தது. பிலிப்பைன்ஸில் மோரோ போராளிகளோடு மோதியபோது, .38 ரிவால்வரால் சுட்ட பிறகும் எதிரி நிற்காமல் ஓடிவந்த அனுபவம் ராணுவத்தை உலுக்கியிருந்தது. அதனால்தான் கனமான .45 தோட்டா கேட்டார்கள். கைத்துப்பாக்கியை எடுக்கும் நேரம் என்றாலே எதிரி சில அடி தூரத்தில் இருக்கிறான் என்று அர்த்தம். அப்போது தோட்டா சிக்கினால் அடுத்த வாய்ப்பு கிடையாது. 1918-ல் பிரான்ஸின் ஆர்கான் காட்டில், துப்பாக்கி முனையில் கத்தி செருகிக்கொண்டு பாய்ந்து வந்த ஜெர்மன் வீரர்களை ஆல்வின் யார்க் எதிர்கொண்டது இந்தப் பிஸ்டலோடுதான்.

இது வேலை செய்யும் விதம் அழகானது. சுட்டதும் குழலும், அதன் மேலே மூடியிருக்கும் ஸ்லைடும் பூட்டிக்கொண்டபடியே கொஞ்ச தூரம் சேர்ந்து பின்னால் போகும். குழலுக்கு அடியில் சங்கிலிக் கண்ணி போன்ற ஒரு சின்னத் துண்டு இருக்கிறது. அது குழலைக் கீழே இழுத்து, பூட்டை விடுவிக்கும். ஸ்லைடு மட்டும் தொடர்ந்து பின்னால் ஓடி, காலி உறையை வெளியே எறிந்து, சுத்தியலை நிமிர்த்திவைக்கும். பிறகு ஸ்பிரிங் தள்ள முன்னால் வந்து புதுத் தோட்டாவை ஏற்றும். எல்லாம் கண் இமைக்கும் நேரத்தில்!

உலோகம் உலோகத்தின் மேல் உரசுகிற இடத்தில் எண்ணெய் கட்டாயம். ஸ்லைடு ஓடும் இரு தண்டவாளங்கள், குழலின் முனை, பூட்டு விழும் பற்கள்... இங்கெல்லாம் ஒரு சொட்டு போதும். தையல் மெஷினுக்கு விடுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்பு என்று நினைத்து வழிய வழிய ஊற்றினால், மணலும் கருமருந்துக் கரியும் அதில் ஒட்டிச் சாந்தாகிவிடும். கடுங்குளிரிலோ எண்ணெயே கெட்டியாகி ஸ்லைடைப் பிடித்து இழுக்கும்.

ராணுவத்துக்காகச் செய்யப்பட்டவற்றைக் குலுக்கினால் லேசாகக் கடகடக்கும். மட்டமான வேலை என்று நினைத்துவிடக் கூடாது. அந்த இடைவெளிதான் தூசிக்கும் சேற்றுக்கும் ஒதுங்க இடம் தந்தது. பின்னாளில் குறி துல்லியமாக இருக்க வேண்டும் என்று போட்டிகளுக்காக இறுக்கமாகச் செய்தவை, எண்ணெய்க்கும் சுத்தத்துக்கும் அதிகம் ஏங்கின. எம்1911 பற்றி 'அடிக்கடி சிக்கும்', 'சிக்கவே சிக்காது' என்று இரண்டு கட்சிகள் இருப்பதற்குப் பாதிக் காரணம் இதுவே. மீதிக் காரணம் மேகசின். அதன் வாய் விளிம்பு சற்று வளைந்தாலும் தோட்டா கோணலாக ஏறும். தவிர, இது முனை உருண்ட தோட்டாவுக்காகப் பிறந்தது. முனையில் குழி உள்ள தோட்டாக்களை ஏற்ற, பழைய துப்பாக்கிகள் பல முரண்டு பிடிக்கும்.

பிடிக்கும் கைக்கும் பங்கு உண்டு. மணிக்கட்டைத் தொய்வாக வைத்தால் மொத்தத் துப்பாக்கியும் ஸ்லைடோடு பின்னால் நகரும். ஸ்லைடு முழுதாக ஓடாமல் உறை சிக்கிக்கொள்ளும். பிடியின் பின்பக்கம் உள்ள பட்டையை உள்ளங்கை அழுத்தாவிட்டால் சுடவே சுடாது. கட்டை விரலால் தள்ளும் பாதுகாப்புப் பூட்டு, குதிரைப்படை கேட்டதால் சேர்ந்தது. ஒரு கையில் கடிவாளம் இருக்குமே!

1985-ல் இத்தாலிய பெரெட்டாவுக்கு இடம்விட்டு ஓய்வுபெற்றது எம்1911. ஆனால் 2012-ல் அமெரிக்க மரைன் படை, தன் சிறப்புப் பிரிவுகளுக்காக இதே வடிவமைப்பில் புதிய பிஸ்டல்களை ஆர்டர் செய்தது. அதுவும் பழைய கோல்ட் நிறுவனத்திடமே!