பழைய சாமான், புதிய வீடு

தோட்டத்தை விட்டு மலிவு விலை அடுக்குமாடிக்குக் குடிபோகும் குடும்பங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உங்கள் குடும்பமே அப்படிப் போயிருக்கலாம். புறப்படுவதற்கு முதல் நாள், "இதையெல்லாம் அங்கே எங்கே வைப்பது?" என்று சொல்லி, தாத்தா காலத்துப் பெஞ்சையும் சாப்பாட்டு மேசையையும் பழைய சாமான் லாரிக்காரரிடம் பத்துக்கும் இருபதுக்கும் தள்ளிவிடுவார்கள். அடுத்த வாரமே பட்டணத்துக் கடையில் தவணைக்கு சோபா செட் வந்து இறங்கும். மாதம் 85 வெள்ளி என்றால் கேட்க இலேசாகத்தான் இருக்கிறது. 36 மாதத்தைப் பெருக்கிப் பாருங்கள், 3,060 வெள்ளி! கடைசித் தவணை கட்டுவதற்குள் சோபாவின் கால் ஆடத் தொடங்கிவிடும்.

மலிவாகக் கிடைக்கும் புதுச் சாமான்களில் பல, மரத்தூளையும் சிராயையும் பசை போட்டு அழுத்திய பலகைதான். மேலே மரம் போன்ற தாள் ஒட்டியிருக்கும். தண்ணீர் பட்டால் ஊதிப் போகும். ஊதியது பழைய நிலைக்குத் திரும்பாது, திருகாணியும் பிடிக்காது. நாம் தள்ளிவிட்ட பெஞ்சோ, திரெங்கானுவில் படகு கட்டுகிறார்களே, அந்தச் செங்கால் மரமாகக்கூட இருந்திருக்கும்.

நம் பாட்டன் பாட்டி பால் வெட்டிய ரப்பர் மரத்தின் கதையும் இதில் உண்டு. ஒரு காலத்தில் வயதான ரப்பர் மரம் அடுப்புக்கும் புகைக்கூடத்துக்கும்தான் விறகாகப் போயிற்று. மாவுச்சத்து நிறைந்த மரமானதால் வண்டு சீக்கிரம் துளைத்துவிடும். மருந்தில் ஊறவைத்து உலர்த்தும் முறை பரவிய பிறகு, 1980-களிலிருந்து அதுவே மேசையும் நாற்காலியுமாகி, மூவாரிலிருந்து வெளிநாடுகளுக்குக் கப்பல் ஏறுகிறது. பழைய கடையில் வெளிர்மஞ்சள் நிறத்தில் கனமான நாற்காலியைக் கண்டால் தூக்கிப் பாருங்கள், நம் மரமாக இருக்கலாம்.

எப்படிப் பார்த்து வாங்குவது? முதலில் கவிழ்த்துப் பாருங்கள். மேல்பக்கம் யாரையும் ஏமாற்றும், அடிப்பக்கம் ஏமாற்றாது. மேலே ஓடும் மரத்தின் வரிகள் விளிம்பிலும் தொடர்ந்தால் முழு மரம்; விளிம்பில் தூள்தூளாகத் தெரிந்தால் அழுத்திய பலகை. குண்டூசித் துளைகள் இருந்தால் அடியில் ஒரு தாளை விரித்து, ஓங்கித் தட்டுங்கள். மாவு போல வெளிர்நிறத் தூள் கொட்டினால் வண்டு இன்னும் உள்ளே குடியிருக்கிறது, எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள். பழைய துளை, தூள் இல்லை என்றால் பயமில்லை. தட்டும்போது பொந்து போலச் சத்தம் வந்தால் கரையான் தின்றது.

மெத்தை வைத்துத் தைத்த சாமான்களை நான் தொடுவதேயில்லை. பட்ட பிறகு வந்த புத்தி இது. ஒரு சிற்றூர்க் கடையில் 40 வெள்ளிக்கு மெத்தை நாற்காலி ஒன்றைக் கவிழ்த்துப் பார்க்காமலே வாங்கி வந்தேன். மூன்றாம் நாள் பிள்ளையின் முதுகெல்லாம் தடித்துச் சிவந்திருந்தது. பக்கத்து வீட்டுப் பாட்டி வந்தார். நாற்காலியை வாசலுக்கு இழுத்து, அடித் துணியை ஒரே கிழி கிழித்தார். "ஏம்மா, காசு குடுத்து மூட்டப்பூச்சிய வாங்கியாந்தியா?" என்றார். அன்று பட்ட வெட்கம் இன்றும் போகவில்லை. மூட்டைப்பூச்சி இரத்தமில்லாமல் பல மாதம் உயிரோடிருக்கும். ஆகவே பழைய கட்டிலோ நாற்காலியோ எதுவானாலும், வீட்டுக்குள் கொண்டுபோகுமுன் வாசலில் வைத்து, பொருத்துகளில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றி, நாள் முழுவதும் வெயிலில் காயவிடுங்கள். மெருகு வெளுக்கும், அதைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம். மண்ணெண்ணெய் மட்டும் வேண்டாம், தீப்பிடிக்கும்.

கம்பி வலை போட்ட பழைய சமையலறை அலமாரி கிடைத்தால் நழுவவிடாதீர்கள். எறும்பு ஏறாமலிருக்க அதன் கால்களுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைப்பது நம் வழக்கம். டிங்கிக் கொசு முட்டையிட விரும்பும் இடமும் அதுதான். 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வீட்டில் கொசுப்புழு இருந்தால் அபராதம் உண்டு. வாரம் ஒருமுறையாவது கிண்ணத்தைத் தேய்த்துக் கழுவித் தண்ணீர் மாற்றுங்கள்.

ஆடும் நாற்காலிக்கு ஆணி அடிப்பவர்கள் மரத்தைப் பிளந்துவிடுகிறார்கள். காலைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி எடுத்து, வெள்ளை மரப்பசை பூசிப் பொருத்துங்கள். பழைய சைக்கிள் டியூபை நீளமாக வெட்டி இறுக்கிச் சுற்றி, ஒரு நாள் அசைக்காமல் வைத்தால் போதும். எந்தக் கருவியும் இப்படிப் பிடிக்காது. பிரம்புப் பின்னல் தொய்ந்திருந்தால், அடிப்பக்கத்தில் வெந்நீர்த் துணியால் நன்றாக ஒற்றி உலரவிடுங்கள். அறுந்திருக்காவிட்டால் தானே இறுகும்.

மெருகு போடுமுன் மணல்தாளால் மரத்தின் வரி ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும், குறுக்கே தேய்த்த கோடு கடைசிவரை தெரியும். முதலில் 120-ஆம் எண், பிறகு 240. ஆனால் பழைய சாயம் பூசிய சாமானில் ஈயம் கலந்திருக்கக்கூடும். அந்தத் தூள் பிள்ளைகளின் மூளையைப் பாதிக்கும். ஆகவே உலர்ந்தபடி தேய்க்காதீர்கள். நனைத்துத் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியை எறிந்துவிடுங்கள். தொட்டில், பிள்ளைக் கட்டில் என்றால் அந்தச் சாயத்தோடு வாங்கவே வேண்டாம்.

எங்கே தேடுவது என்று கேட்பீர்கள். பினாங்கில் லோரோங் கூலிட் சந்தைக்குக் காலையிலேயே போய்விட வேண்டும். சிங்கப்பூரில் பெயர்பெற்ற சுங்கை ரோடு சந்தை 2017-இல் மூடப்பட்டுவிட்டது. என்னைக் கேட்டால், சீனப் பெருநாளுக்கு முந்திய இரண்டு வாரங்கள்தான் நல்ல காலம். வீட்டைச் சுத்தம் செய்து நல்ல சாமான்களையே வெளியே வைப்பார்கள், கேட்டால் சும்மாகூடக் கொடுப்பார்கள்.

கிளம்பும்போது ஒரு நூலில் உங்கள் வீட்டு வாசலின் அகலத்துக்கு ஒரு முடிச்சும், மாடிப்படித் திருப்பத்தின் அகலத்துக்கு ஒரு முடிச்சும் போட்டு எடுத்துப் போங்கள். எனக்குத் தெரிந்த ஒரு அக்காள் ஆசையாக வாங்கிய தேக்கு அலமாரி நான்காம் மாடிக்கு ஏற முடியாமல், கீழ்த்தளத்துப் படிக்கட்டின் அடியில் இரண்டு வருடமாக நிற்கிறது.