ஒருசந்திக் காலத்துக் கஞ்சி

குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் மந்திரித்துக் கொடுத்த தென்னங்குருத்தைச் சிலுவையாகப் பின்னி, வீட்டிலுள்ள திருப்படத்தின் பின்னே செருகி வைப்பது நம் கத்தோலிக்கக் குடும்பங்களின் வழக்கம். அது அங்கேயே இருந்து காய்ந்து, நிறம் மாறி, தூசி படிந்து, நாளடைவில் ஒருவர் கண்ணிலும் படாமற் போய்விடும். பின்னர் விபூதிப் புதனுக்குச் சில தினங்கள் முன்னதாக உபதேசியார் வீடு வீடாகச் சொல்லியனுப்புவார். பிள்ளைகள் அந்தச் சருகுகளைச் சேர்த்துக்கொண்டு கோயிலுக்கு ஓடுவார்கள். அவற்றை எரித்த சாம்பலே அவ்வாண்டின் திருநீறு. சென்ற வருஷம் ஓசன்னா பாடிக் கையில் உயர்த்திய ஓலை, இவ்வருஷம் நெற்றியிலே சாம்பலாய் வந்து அமர்கின்றது.

யாழ்ப்பாணத்துக் கரையோரப் பங்கொன்றில் 1950களின் பிற்பகுதியிலே வளர்ந்தவன் நான். ‘தபசுகாலம்’ என்னும் சொல் செபப் புத்தகத்தில் இருந்தது. எங்கள் வீட்டிலோ அது ‘ஒருசந்திக் காலம்’. நாளில் ஒரு பொழுது மாத்திரம் நிறைய உண்டு மற்றைப் பொழுதுகளைச் சுருக்குவது ஒருசந்தி. இறைச்சி நீக்கி உண்பது சுத்தபோசனம். அயலிலிருந்த சைவக் குடும்பங்களும் தங்கள் விரத நாட்களில் ஒருசந்தி என்றே சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆதலால் ஒருவர் பசி மற்றவருக்கு விளக்காமலே விளங்கிற்று. விபூதிப் புதன் தொடங்கி உயிர்த்த ஞாயிற்றுக்கு முதல்நாள் வரை எண்ணினால் 46 நாட்கள் வரும். இடையில் வரும் ஞாயிறு ஆறும் உபவாச நாட்களல்ல. அவற்றைத் தள்ளினால் 40. இந்தக் கணக்கைக் கண்டுபிடித்துப் பெரிதும் மகிழ்ந்தவர்கள் சிறுவர்களாகிய நாங்களே.

திருச்சபையின் சட்டம் விலக்கியது இறைச்சியை, மீனையன்று. இறைச்சியை நாளாந்த உணவாகக் கொண்ட நாட்டாருக்கு அது பெரிய ஒறுத்தலாயிருந்திருக்கும். ஆனால் சூடையும் ஓராவும் திருக்கையும் தினமும் உண்டு, இறைச்சியை நத்தாருக்கும் கோயிற் பெருநாளுக்கும் மட்டுமே காணும் கடற்கரைக் குடும்பத்துக்கு, வெள்ளிக்கிழமை இறைச்சி உண்ணாதிருப்பது என்ன தவம்? இந்தக் கேள்வியை எங்கள் வகுப்பிலே ஒருவன் உபதேசியாரிடம் கேட்டுத் தலையிலே குட்டு வாங்கினான். கேள்வி நியாயமானது என்பதே இன்றும் என் அபிப்பிராயம்.

என் அப்பாச்சி அதற்குத் தாமாகவே ஒரு விடை வைத்திருந்தார். விபூதிப் புதனன்று மீன்சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாரென்றால், உயிர்த்த ஞாயிறு வரையில் அவருக்கு முருங்கைக்காயும் பூசணியும் சொதியுந்தான். அறுபதை எட்டியவரை ஒருசந்திச் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. அவரோ எழுபதை நெருங்கியிருந்தார். சில ஆண்டுகளின் பின், 1966 பெப்ரவரியில், பாப்பரசர் ஆறாம் பவுல் வெளியிட்ட சாசனத்தின்படி கட்டாய ஒருசந்தி விபூதிப் புதன், பெரிய வெள்ளி என்னும் இரு நாட்களுக்குச் சுருங்கிற்று. சுவாமியார் அதனைப் பிரசங்கத்தில் விளக்கிய அன்று, “விருப்பப்பட்டவை செய்யக் கூடாதெண்டு பாப்பரசர் சொல்லேல்லைத்தானே?” என்று கேட்டுவிட்டுத் தம் வழியே போனவர் அவர்.

அக்காலத்தில் அவர் செய்த இன்னொன்று பிடியரிசி. உலைக்கு அரிசி அளக்கும்போதெல்லாம் ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையிற் போடுவார். பங்கிலே பல வீடுகளில் இப்படிச் செய்தார்கள். சேர்ந்த அரிசி முழுவதும் பெரிய வெள்ளியன்று கோயில் வளவுக்குப் போகும். மத்தியானம் அங்கே பெரிய பானைகளிற் காய்ச்சும் கஞ்சி, வந்தவர் எவருக்கும் உண்டு. எந்த வீட்டு அரிசி எந்தப் பானையில் வெந்தது என்று ஒருவராலும் சொல்ல முடியாது.

இனி, வியாகுலப் பிரசங்கத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். ஆண்டவருடைய பாடுகளை இழுத்து இழுத்து, அழுகைக் குரலிலே வாசிக்கும் இவ்வழக்கத்தை நம் மாணவரிற் பலர் இன்று கேட்டிருக்கமாட்டார்கள். அந்நூலை இயற்றியவர் கோவாவிலிருந்து 1705 ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமிகள். தமிழ் அவருக்குத் தாய்மொழியன்று. எனினும் நம் பாட்டிமார் அழுதது அவருடைய தமிழைக் கேட்டுத்தான். அவர் வந்த காலத்து நிலைமையையும் அறிதல் வேண்டும். 1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரை நாட்டில் இருக்கவிடவில்லை. 1687 இல் ஏழையின் கோலத்தில் யாழ்ப்பாணத்துக்கு வந்து சில்லாலையில் மறைந்திருந்து பணிபுரிந்தவர் யோசேவாஸ் சுவாமிகள். 2015 சனவரி 14 ஆம் நாள் காலிமுகத் திடலிலே புனிதராக உயர்த்தப்பட்டவரும் அவரே. ஒருசில குருமார் தீவு முழுவதும் அலைந்தபோது ஒரு கிராமம் அவர்களுள் ஒருவரைக் காண நெடுநாட் காத்திருக்கவேண்டியதாயிற்று. ஆகவே மூப்பரும் அண்ணாவிமாருமே செபம் சொல்லிக் கொடுத்தார்கள், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் படிப்பித்தார்கள், மரண வீட்டிலே முன்னின்றார்கள். குருவானவர் இல்லாத ஊரிலும் தபசுகாலம் வந்துகொண்டுதானிருந்தது. பூசை வைக்க ஆளில்லாவிடினும் பிரசங்கம் வாசிக்க ஆள் இருந்தது.

எங்கள் பங்கில் அதனைப் பிழையற வாசிக்க வல்லவர் இருவர். ஒருவர் என் பெரியப்பா. மற்றவர் என் தகப்பனாரின் தங்கையை மணந்தவர். எனக்கு மாமா முறை. திருச்சிலுவையின் இருபுறமும் வாங்கு போட்டு, ஒருவர் ஒரு பகுதியை வாசித்து நிறுத்த மற்றவர் அடுத்ததைத் தொடங்குவார். இருவர் குரலும் ஒன்றையொன்று தேடி வருவதுபோல இருக்கும். ஆனால் அவ்விருவரும் நாலு வருஷமாக ஒருவரோடொருவர் பேசுவதில்லை.

கரைவலைப் பாட்டிற் பங்கு பற்றிய பிணக்கு அது. யார் பக்கம் நியாயம் என்பதை இன்றும் நான் அறியேன். வழக்கு நீதிமன்றம் வரை போயிற்று. ஒரு நாள் மாமா எங்கள் முற்றத்திலே நின்று உரத்துப் பேசியபோது, அப்பாச்சி வாசலுக்கு வந்து, இனி இந்தப் படியை மிதிக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவர் மிதிக்கவில்லை, அவருடைய மனைவியும் மிதிக்கவில்லை. பெற்ற மகள் கூப்பிடு தூரத்தில் இருந்தும் தாய்வீட்டுக்கு வராத நாலு வருஷம். நற்கருணை வாங்கும் வரிசையில் தாயும் மகளும் முன்னும் பின்னுமாக நிற்பார்கள். முகம் பார்ப்பதில்லை.

காணிக்கை செலுத்த வந்தவன் தன் சகோதரனோடு மனத்தாங்கல் உண்டென்று நினைத்தால், காணிக்கையை விட்டுவிட்டு முதலில் அவனிடம் போகவேண்டும் என்னும் சுவிசேஷ போதனை எங்கள் ஊரில் அறியாததன்று. ஆண்டுக்கொரு முறையாவது பாவசங்கீர்த்தனம் செய்யவேண்டும் என்பது 1215 ஆம் ஆண்டின் லாத்தரன் சங்கம் விதித்த கடமை. எல்லோரும் அதை நிறைவேற்றினார்கள். வரிசையில் நின்று, முழந்தாளிட்டு, சொல்ல வேண்டியதைச் சொல்லி, வீட்டுக்கு வந்து பழையபடியே இருந்தார்கள். பசியைப் பொறுப்பதற்கு மனிதன் விரைவிற் பழகிவிடுகிறான்.

அந்த நாலாம் வருஷத்திலேதான், ஏன் மீனை விட்டிருக்கிறீர்கள் என்று அப்பாச்சியைக் கேட்டேன். அவர் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். “மீனை விடுறது பெரிய காரியமே, மோனை? விடவேண்டியதை விட ஏலாமல் கிடக்கு. அதுக்குப் பதிலாய் இதை விடுறன்” என்றார். நான் விளங்காமல் நின்றேன். அவரும் விளக்கவில்லை.

பெரிய வியாழன் பூசையில் உன்னத கீதம் பாடி முடிந்ததும் கோயில் மணி மௌனமாகிவிடும். அதன்பின் மரப்பலகையைத் தட்டியே சனங்களை அழைப்பார்கள். அந்த வறண்ட சத்தம் ஊரையே வேறோர் ஊராக மாற்றிவிடும். வெள்ளியன்று ஒரு தோணியும் இறங்காது. உயிர்த்த ஞாயிறு பூரணைக்குப் பின் வருவது. எனவே பெரிய வெள்ளி எப்போதும் நல்ல நிலவுக் காலத்திலே விழும். நிலவிலே இராத்தொழில் எப்படியும் குறைவுதான், கடவுளுக்குக் கொடுப்பதிலும் நம்மவர் கணக்குப் பார்ப்பார்கள் என்று பகடி பண்ணுகிறவர்களும் இருந்தார்கள். வயிற்றுப்பாட்டை நாளாந்தம் கடலில் தேடுகிறவனுக்கு ஒரு நாளும் ஒரு நாளே என்பதை அவர்கள் நினைக்கவில்லை.

அன்று காலை தொடங்கிய பிரசங்கம் மத்தியானத்தை நெருங்கியபோது மாமாவின் குரல் அடைத்துவிட்டது. வெறும் வயிறு, வெயில். ஒரு வரியின் நடுவே நின்றுவிட்டார். இருமிப் பார்த்தார், சத்தம் வரவில்லை. அவர் பகுதியில் மற்றவர் வாய் வைப்பதில்லை என்பது ஊரறிந்த முறை. பெரியப்பா சிறிது நேரம் காத்திருந்தார். பின்னர், விட்ட சொல்லிலிருந்து, மாமா எடுக்கும் அதே இறக்கத்திலே எடுத்து வாசித்தார். அந்தப் பகுதி முடிந்ததும் தம்முடையதை வாசித்தார். பிறகு மறுபடியும் மாமாவுடையதை. மாமா புத்தகத்தில் விரலை வைத்து வரிகளைத் தொடர்ந்துகொண்டேயிருந்தார்.

கஞ்சிப் பானையருகில் அகப்பை பிடித்தவர்களுள் அப்பாச்சியும் ஒருவர். வரிசை நகர்ந்து வந்தது. பனையோலைப் பிளாவை நீட்டியவர் மாமா. இருவரும் அதை எதிர்பார்க்கவில்லை என்றே நினைக்கிறேன். அப்பாச்சி வார்த்தார். பின், பானையைப் பார்த்தபடியே, “இன்னும் கொஞ்சம் விடட்டோ, தம்பி?” என்றார். “காணும், மாமி.” குரல் இன்னும் சரியாக வரவில்லை.

வழக்கு அதன் பிறகும் இரண்டு வருஷம் நடந்தது. உயிர்த்த ஞாயிறன்று அப்பாவின் தங்கை ஒரு மூடு பெட்டி பலகாரத்தோடு முற்றம் வரை வந்தார், படியேறவில்லை. அடுத்த நத்தாருக்கு ஏறினார்.

தபசுகாலத்து ஒறுத்தல் உள்ளத்துக்கும் தனியாளுக்கும் மட்டும் உரியதாயிராமல், வெளிப்படையாகவும் சமூகத்துக்குரியதாகவும் இருத்தல் வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பரிலே எழுதி வைத்தது. அதை வாசித்தபோது எனக்கு அந்தப் பானைதான் நினைவுக்கு வந்தது.

யுத்தம் எங்கள் பங்கையும் கலைத்தது. 1990 இலும் 1995 இலும் இடம்பெயர்ந்தவர்களிற் பலர் திரும்பவில்லை. பிரசங்கப் புத்தகம் மாத்திரம், பெரியப்பா இழுக்கவேண்டிய இடங்களிற் பென்சிலாற் கோடிட்டபடி, எப்படியோ எங்களிடம் தங்கிற்று. 2020 இல் கொள்ளைநோயினாற் கோயில்கள் பூட்டப்பட்ட அந்தப் பெரிய வெள்ளியன்று, குருவானவரும் மணியும் இல்லாத வீட்டிலே அதைத் திறந்தேன். மாமாவின் பேரன் கனடாவிலிருந்து தொலைபேசியில் வந்தான். அவனுக்கு வேண்டிய பக்கங்களைப் படம் பிடித்து அனுப்பியிருந்தேன். ஒரு பகுதியை நான் வாசித்தேன். மறு பகுதியை அவன் வாசித்தான். அவனுக்கு இராகம் தெரியாது. பல சொற்களைத் தட்டுத்தடுமாறி உச்சரித்தான். அங்கே அப்போது விடியவுமில்லை. முடியும் வரை இருவரும் நிறுத்தவில்லை. பிறகு, கஞ்சிக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று கேட்டான்.