வாடை வராத சோறும் வயிற்றைக் கெடுக்கும்



"காலையில வடிச்ச சோறுதானே, சூடு பண்ணினா ஒண்ணும் ஆகாதுங்க" என்று நம் பல்லடம் பக்கம் சொல்வதுண்டு. இது தவறு. வெளியில் கிடக்கும் சோற்றில் ஒருவகைக் கிருமி பெருகி நஞ்சு சுரக்கும். சூடாக்கினால் கிருமி சாகும், நஞ்சு போகாது. வாடையும் வராது. எனவே சமைத்ததை 2 மணி நேரத்துக்குள் சாப்பிடுங்கள். தறிக்கு ராத்திரி ஷிப்டு போகிறவருக்கு, காலைச் சோற்றைத் தூக்குப்போசியில் கட்டாதீர்கள். மாலையில் புதிதாக வடியுங்கள்.

பச்சைக் கோழிக்கறியில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். கறி அரிந்த அருவாமனையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் வெங்காயம் அரியாதீர்கள். கறி உள்வரை வேகட்டும். கழுவாத கை, ஈ மொய்த்த பண்டம், மூடாத குடிநீர் ஆகியவையும் நோய் தரும்.

யாருக்கு ஆபத்து அதிகம்? 5 வயதுக்குட்பட்ட குழந்தை, கர்ப்பிணி, முதியோர், சர்க்கரை நோயாளி. 2022 அக்டோபரில் நம் மாவட்டத்துத் திருமுருகன்பூண்டியில், காப்பகம் ஒன்றில் சாப்பிட்ட சிறுவர்கள் நோயுற்று, 3 பேர் இறந்ததை மறக்கலாமா?

பேதி கண்டால் உடனே 1 லிட்டர் காய்ச்சி ஆறின நீரில் சர்க்கரை 6 தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி (தலைதட்டி அளந்து) கலந்து, அடிக்கடி கொஞ்சங் கொஞ்சமாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். மலத்தில் ரத்தம், குழிவிழுந்த கண், மூத்திரம் குறைதல் இவற்றில் ஒன்று கண்டாலும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கி ஓடுங்கள்.

கணவன்மார்களே, இது வீட்டுக்காரம்மா வேலை மட்டுமல்ல. நீங்களும் கை கழுவி, பாத்திரத்தை மூடி வையுங்கள்.

சூடாகச் சாப்பிடுவோம்! சுகமாக வாழ்வோம்!