தொள்ளாயிரம் பாரும் ஓர் இத்தாலியரும்

தூத்துக்குடிக் கடலடியில் முத்துச்சிப்பி விளைந்த பாறைத் திட்டுகளுக்குப் 'பார்' என்று பெயர். ஒவ்வொரு பாரையும் கரையோரத்தார் பெயர் சொல்லி அறிவார்கள். அவற்றில் பேர்போனது தொள்ளாயிரம் பார். வான்தீவு ஆறுபாகம் பார் என்றும் ஒன்று உண்டு. பாகம் என்பது ஒருவர் இரு கைகளையும் விரித்தால் வரும் நீளம், ஏறக்குறைய 6 அடி. இங்கே கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். குளிப்பு நின்றாலும் எண்ணைச் சுமந்த அந்தப் பெயர்கள் நிற்கின்றன.

தொள்ளாயிரம் என்பதே சற்று வில்லங்கமான சொல். எட்டு நூறு, எண்ணூறு. அப்படியானால் ஒன்பது நூறில் ஆயிரம் எப்படி நுழைந்தது? எண்பதுக்கு அடுத்த தொண்ணூறிலும் இதே கூத்துதான். பத்து இருக்க வேண்டிய இடத்தில் நூறு உட்கார்ந்திருக்கிறது. ஒன்பதோடு சேரும்போது மட்டும் பத்து நூறாகவும், நூறு ஆயிரமாகவும் ஒரு படி ஏறிவிடுகின்றன. தொல்காப்பியர் குற்றியலுகரப் புணரியலில் இதற்கென்றே விதி வகுத்தார். பழந்தமிழில் ஒன்பதுக்குத் 'தொண்டு' என்றும் பெயர் இருந்தது. அந்தத் தொண்டின் சாயல்தான் தொண்ணூறிலும் தொள்ளாயிரத்திலும் தெரிகிறது.

தனியே நிற்கும் எண் ஒரு முகம் காட்டும்; இன்னொரு பெயருக்கு அடையாக முன்னால் நின்றால் வேறு முகம் காட்டும். ஒன்று ஒரு ஆகும், இரண்டு இரு ஆகும், மூன்று மு ஆகும். ஆறு அறுபதில் குறுகும், ஏழு எழுபதில் குறுகும். ஆயிரத்தின் முன் வந்தால் ஆறாயிரம், ஏழாயிரம் என்று நீண்டே நிற்கும். முப்பதில் 'மு', மூவாயிரத்தில் 'மூ'. தமிழ்ப் பிள்ளைகள் இதை யாரும் சொல்லித்தராமலே பிடித்துக்கொள்கிறார்கள். வெளியிலிருந்து வந்து கற்றவர்தான் பாடுபட்டிருப்பார்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் கான்ஸ்டான்டைன் ஜோசப் பெஸ்கி. 1680-இல் வட இத்தாலியில் பிறந்து, 1710-இல் இந்தியா வந்த இயேசு சபைத் துறவி, நமக்கு வீரமாமுனிவர். இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தின் காமநாயக்கன்பட்டியில் பணியாற்றியவர். பேச்சுத் தமிழுக்கு லத்தீனில் அவர் எழுதிய இலக்கணம் 1738-இல் தரங்கம்பாடி அச்சகத்தில் வெளிவந்தது. அந்த அச்சகம் அவர் ஓயாமல் வாதாடிய லூத்தரன் சபையாருடையது என்பது தனி வேடிக்கை.

எண்ணுச் சொற்களுக்கு அவர் செய்த உதவி எழுத்தில் இருக்கிறது. பழைய வழக்கப்படி எகர, ஒகரக் குறில்களுக்குத் தலையில் புள்ளி வைக்க வேண்டும். ஓலையில் எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளியை விட்டுவிட்டார்கள். எழுத்தில் ஏழும் எழுவும் ஒன்றுபோல் தெரிந்தன. நெடிலுக்கென்று தனி வடிவம் தந்து இந்தக் குழப்பத்தைத் தீர்த்தவர் வீரமாமுனிவர்.

அவருடைய தாய்நாட்டு மொழியிலும் எண்ணடை, அதாவது பெயருக்கு அடையாக நிற்கும் எண், சும்மா நிற்பதில்லை. ஆனால் அங்கே முகம் மாறுவது ஒன்றுக்கு மட்டும். துறைமுகம் ஆண்பால், ஆகவே 'உன் போர்த்தோ'. முத்து பெண்பால், ஆகவே 'உனா பெர்லா'. பாறைத் திட்டும் ஆண்பாலே. ஆனால் அந்தச் சொல் 'ஸ்க' என்று தொடங்குவதால் 'உனோ ஸ்கோலியோ'. சிப்பி பெண்பால், உயிரெழுத்தில் தொடங்குகிறது. அதனால் 'உனா'வின் கடைசி உயிர் விழுந்து 'உன் ஒஸ்த்ரிக்கா'. பின்னால் வரும் ஒலியைப் பார்த்து முன்னால் நிற்கும் எண் மாறுவது நமக்குப் புதிதல்ல. ஒரு பகல், ஓர் இரவு என்று எழுதுகிறோமே, அதே கணக்கு. இரண்டு முதல் இத்தாலிய எண்கள் பாலைக் கண்டுகொள்வதில்லை. பெயர்ச்சொல்தான் கட்டாயம் பன்மையாக வேண்டும். தமிழில் அதுவும் இல்லை. 'நாலு வலை', 'பத்து ரூபாய்' போதும். நாம் பார்ப்பது மனிதரா, மற்றதா என்பதை. படகு மூன்று என்றால் மூன்று படகு. ஆட்கள் மூன்று என்றால் மூவர், அல்லது மூணு பேர்.

தமிழ் எண்ணுக்குத் தனி வடிவம், அடை வடிவம் என்று இரண்டு முகங்கள் உண்டே, அவற்றில் எது மூத்தது? இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் இதை ஆராய்ந்தார். அடையாக வரும் குறுகிய வடிவமே மூலம். அதன்மேல் விகுதி சேர்ந்துதான் பெயர் வடிவம் பிறந்தது என்பது அவர் முடிவு. சகோதர மொழிகளைப் பக்கத்தில் வைத்தால் இது விளங்கும். மூன்று தெலுங்கில் 'மூடு', கன்னடத்தில் 'மூரு'. மூவர் தெலுங்கில் 'முக்குரு', கன்னடத்தில் 'மூவரு'. வால்கள் வேறு வேறு. எல்லாவற்றுக்கும் பொதுவாக மிஞ்சுவது மு அல்லது மூ.

சிறிய எண்கள் இத்தனை காலம் தேயாமல் இருப்பது தமிழுக்கு மட்டும் வாய்த்ததல்ல. 2007-இல் ஆய்வாளர் மார்க் பேகல் குழுவினர் 87 இந்தோ-ஐரோப்பிய மொழிகளில் 200 பொருள்களுக்கான சொற்களை ஒப்பிட்டு 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அடிக்கடி புழங்கும் சொல் மெதுவாகவே மாறும் என்று கண்டார்கள். மிக மெதுவாக மாறியவற்றில் எண்ணுச் சொற்களும் இருந்தன. ஓர் எடுத்துக்காட்டு: தாமிரபரணிக் கரையில் ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி வட்டாரத்தில் ஒன்பது பெருமாள் கோயில்களை நவதிருப்பதி என்கிறோம். அந்த வடமொழி 'நவ'வும் இத்தாலியின் 'நோவெ'யும் ஒரே வேரில் பிறந்தவை. இரண்டுக்கும் பொருள் ஒன்பது.

வரிசை சொல்லும் எண்ணில்தான் தமிழுக்குச் சௌகரியம் அதிகம். 'ஆம்' அல்லது 'ஆவது' சேர்த்தால் வேலை முடிந்தது; முதல் மட்டும் தனிப் பிறவி. இத்தாலியில் ஒன்று முதல் பத்துவரை ஒவ்வொன்றையும் மனப்பாடம் செய்ய வேண்டும், போதாக்குறைக்குப் பால் பார்த்து ஈற்றையும் மாற்ற வேண்டும். ஐந்தாம் நாள் 'குவிந்தோ', ஐந்தாம் தெரு 'குவிந்தா'. பதினொன்றிலிருந்துதான் 'எசிமோ' என்ற ஒரே விகுதி கைகொடுக்கிறது.

தூத்துக்குடிப் பணிமய மாதாவை 'ஏழுகடல்துறை ஏக அடைக்கலத்தாய்' என்று அழைப்பார்கள். ஒரே பட்டத்தில் தமிழ் எண்ணடை ஒன்று, வடமொழி எண்ணடை ஒன்று. ஜூலை 26-ஆம் தேதி கொடியேறினால் ஆகஸ்ட் 5-ஆம் தேதி பெருவிழா. எண்ணிப் பார்த்தால் பதினோராம் நாள். இதே தேதியை இத்தாலியர் 'ஐந்து ஆகஸ்ட்' என்றுதான் சொல்வார்கள். மாதத்தின் முதல் நாளுக்கு மட்டுமே அவர்கள் வரிசை எண்ணைப் பயன்படுத்துவார்கள். அந்த மாதா கோயில் 1982-இல் பசிலிக்கா ஆனபோது போப்பாக இருந்தவர் நமக்கு இரண்டாம் ஜான் பால். இத்தாலியருக்கு 'ஜோவான்னி பாவ்லோ செக்கோந்தோ', எண் பெயருக்குப் பின்னால்.

நம் எண்ணடைகளில் இன்று அதிகம் அடிபடுவது முந்நூறு. அழைப்பிதழ், ரசீது, விலைப்பலகை எங்கும் 'முன்னூறு' என்றே எழுதுகிறார்கள். மூன்று மு ஆகி, நூறின் நகரம் இரட்டித்தால் முந்நூறு. கடலைக் குறிக்கும் முந்நீர் என்ற பழஞ்சொல்லிலும் அதே சேர்க்கைதான். 'முன்னூறு' என்றால் முன்னால் உள்ள நூறு என்று ஆகிவிடும். அடுத்த முறை காசோலையில் தொகையை எழுத்தால் எழுதும்போது 'ந்' போடுங்கள்.