டிக்கியில் கிடந்த கத்தி

போன வருடம் நவம்பர் நடுப்பகுதியில் ஒருநாள் அம்மா போன் எடுத்தா. "தம்பி, அந்தக் கொடுவாக்கத்தியைப் பொலிஸில குடுக்க வேணுமாம், மெய்யே? கோயில்ல கதைக்கினம்."

அந்தக் கத்தி ஊரிலிருந்து அப்பாவோடு வந்தது. பின்வளவில் வேலியோரச் செடி வெட்டவும் அதுதான், சனிக்கிழமைகளில் தேங்காய் உடைக்கவும் அதுதான். அப்பா போய் ஆறு வருடமாகிவிட்டது. கத்தி மட்டும் கராஜ் தட்டில் சாக்குத் துணி சுற்றியபடி இருந்தது. அம்மாவுக்கு உடனே பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

விஷயம் தொடங்கியது 2025 மே 25 ஞாயிறு பிற்பகல். மெல்பேர்ன் பிரஸ்டனில் இருக்கிற நோர்த்லாண்ட் ஷொப்பிங் சென்டருக்குள் இரண்டு இளைஞர் கும்பல்கள் மசெட்டியோடு மோதிக்கொண்டன. பிள்ளைகளோடு சாப்பிட வந்த சனம் கடைகளுக்குள் ஓடி ஒளிந்த வீடியோவை நம்மில் பலர் வட்ஸ்அப்பில் பார்த்திருப்போம். மூன்றே நாளில், மே 28 அன்று, விக்டோரியாவில் மசெட்டி விற்பனை நிறுத்தப்பட்டது. செப்டெம்பர் 1 முதல் மசெட்டி தடை செய்யப்பட்ட ஆயுதமாகியது. கையில் இருப்பவர்கள் பொலிஸ் நிலையங்களுக்கு வெளியே வைத்த பெட்டிகளில் கேள்வி இல்லாமல் போட நவம்பர் 30 வரை தவணை. அதற்குப் பிறகு வைத்திருந்தால் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது 47,000 டொலருக்கு மேல் தண்டம்.

மசெட்டி என்றால் என்ன? வெட்டும் விளிம்போடு 20 சென்டிமீற்றருக்கு மேல் நீளமான அலகுள்ள கத்தி. முதன்மையாகச் சமையலறைக்கென்று உள்ள கத்தி இதில் சேராது. தோட்டத்தொழில், பண்பாடு, மரபு போன்ற காரணங்களுக்கு விதிவிலக்குகளும் உண்டு. இறைச்சி வெட்டுகிற கத்தியோடு இருப்பவர் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் காலையில் செடியும் மத்தியானம் தேங்காயும் வெட்டுகிற எங்கள் கொடுவாக்கத்தி எந்தப் பக்கம்? இந்தச் சட்டத்தை எழுதியவர்கள் யாழ்ப்பாணத்துக் குசினியை நினைத்து எழுதவில்லை. அளந்து பார்த்தேன், அலகு மட்டும் 27 சென்டிமீற்றர். துணியில் சுற்றிக்கொண்டுபோய்ப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன். அம்மா இரண்டு நாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

இந்தச் சட்டம் வீணானது என்று சொல்ல எனக்கு மனமில்லை. தடை வந்த அதே செப்டெம்பரின் முதல் வாரத்தில், மெல்பேர்னின் மேற்கே கோபிள்பேங்கில் 12, 15 வயது இரண்டு சிறுவர்கள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பந்து விளையாடிவிட்டு வீட்டுக்குப் போன பிள்ளைகள்.

எனக்குக் கவலை வேறு இடத்தில். நம்மாட்கள் பலர் "மசெட்டி போச்சுது, இனிப் பிரச்சினை இல்லை" என்று நினைக்கிறார்கள். சாதாரணக் கத்திக்கே சட்டம் எப்போதோ இருக்கிறது. வீட்டு மேசையில் இருக்கும்போது அது கத்தி. அதே கத்தியோடு வாசலைத் தாண்டினால், "இது இப்போது ஏன் உன்னிடம்?" என்ற கேள்விக்கு நீங்கள் பதில் வைத்திருக்க வேண்டும். விக்டோரியாவில் 1990ஆம் ஆண்டு ஆயுதக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி குசினிக் கத்தியும் கட்டுப்படுத்தப்பட்ட ஆயுதம். சட்டபூர்வமான காரணம் இல்லாமல் கொண்டு திரியக் கூடாது. காரணம் இருந்தாலும் பாதுகாப்பாகச் சுற்றி வைத்திருக்க வேண்டும். நியூ சவுத் வேல்ஸில் பொது இடத்தில் நியாயமான காரணமில்லாமல் கத்தி வைத்திருந்தால் நான்கு வருடம் வரை சிறை. 2023இல் தண்டனையை இரட்டிப்பாக்கி அங்கே கொண்டுவந்து விட்டார்கள். காரணத்தை நிரூபிக்க வேண்டியவர் பொலிஸ் அல்ல, நீங்கள்.

காரணங்கள் கடினமானவை அல்ல. வேலை, சாப்பாடு தயாரிப்பது, சமயத் தேவை எல்லாம் ஏற்றுக்கொள்ளப்படும். ஆனால் அந்தக் காரணம் அந்த நேரத்துக்கு உரியதாக இருக்க வேண்டும். கரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயில் திருவிழாவுக்கோ மேய்ஸ் ஹில் முருகன் கோயில் தேருக்கோ தேங்காய் வெட்டக் கத்தி கொண்டு போகிறீர்கள் என்றால், அன்றைக்கு அது காரணம். திருவிழா முடிந்து ஆறு கிழமை கழித்தும் அதே கத்தி டிக்கியில் ஸ்பெயார் டயருக்குப் பக்கத்தில் கிடந்தால்? வீதியில் நிற்கிற உங்கள் கார் வீடு என்று கணக்கில் வராது.

அந்த இடத்தில்தான் நம்மாட்கள் விழுகிற குழி இருக்கிறது. ஊரில் பொலிஸைக் கண்டு நடுங்கிய பழக்கம் நமக்கு இன்னும் போகவில்லை. அதிகாரி கேட்டவுடன் அவரைத் திருப்திப்படுத்த ஏதாவது சொல்லிவிட வேண்டும் என்று வாய் துடிக்கும். என்ன சொல்வது என்று தெரியாதபோது வருகிற இங்கிலிஷ், "ஃபோர் சேஃப்டி, சேர்." உலகத்தில் இதைவிட அப்பாவித்தனமான பதில் இல்லை என்று நினைப்போம். இரண்டு மாநிலச் சட்டங்களுமே தற்பாதுகாப்பை ஒரு காரணமாக ஏற்பதில்லை என்று எழுத்தில் சொல்கின்றன. கத்தியை மறந்து விட்டுவிட்டவர் அந்த ஒரு வசனத்தால் குற்றத்தைத் தானே ஒப்புக்கொண்டவர் மாதிரி ஆகிவிடுகிறார்.

உண்மை எளிதாக இருந்தால் அதைச் சுருக்கமாகச் சொல்லுங்கள்: கோயிலில் இருந்து வருகிறேன், தேங்காய் வெட்டக் கொண்டு போனது. சிக்கலாக இருந்தால் பெயர், விலாசம், லைசன்ஸ் கொடுத்துவிட்டு, வழக்கறிஞரோடு பேசிய பிறகு சொல்கிறேன் என்று மரியாதையாக நிறுத்தலாம். அது உங்கள் உரிமை. முறைத்துக்கொண்டு நிற்கத் தேவையில்லை, தடுக்கவும் கூடாது. அதிகாரியின் பெயரும் எந்த நிலையம் என்பதும் கேட்கலாம்.

பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வைக்க வேண்டும். 2024 ஏப்ரல் 13 அன்று பொண்டை ஜங்ஷன் வெஸ்ட்ஃபீல்டில் ஆறு பேர் குத்திக் கொல்லப்பட்ட பிறகு, குவீன்ஸ்லாந்தின் ஜாக்ஸ் லோவைப் பார்த்து நியூ சவுத் வேல்ஸும் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அறிவிக்கப்பட்ட ரயில் நிலையங்களிலும் ஷொப்பிங் சென்டர்களிலும் சந்தேகம் எதுவும் இல்லாமலே பொலிஸ் கையடக்க உலோகக் கருவியால் சோதிக்கலாம். விக்டோரியாவில் அறிவிக்கப்பட்ட பகுதிகளில் வாரண்ட் இல்லாமல் உடம்பையும் பையையும் சோதிக்கலாம். முன்பு 12 மணி நேரம் என்றிருந்த அந்த அறிவிப்பை 2025இல் ஆறு மாதம் வரை நீட்டிவிட்டார்கள். 'நான் என்ன செய்தேன்' என்று பெடியன் கேட்பது நியாயம்தான். எந்தத் தோல் நிறம் அடிக்கடி நிறுத்தப்படும் என்ற கேள்வியும் நியாயம். ஆனால் அந்தக் கேள்வியை ரயில் நிலையத்தில் கேட்டு வெல்ல முடியாது. பிறகு முறைப்பாடாகக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவரைப் பொலிஸ் நிலையத்தில் விசாரிக்கும்போது பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும் என்பதைப் பெற்றோர் மறக்க வேண்டாம்.

குடியுரிமை பெற்றவருக்கு இது கோர்ட், தண்டம், அவமானம். மற்றவருக்கு அப்படியல்ல. விசாவில் இருப்பவர் 12 மாதம் அல்லது அதற்கு மேல் சிறைத் தண்டனை பெற்றால் குடிவரவுச் சட்டத்தின் 501ஆம் பிரிவு வந்து நிற்கும். படகில் வந்து இன்னும் பிரிட்ஜிங் ஈ விசாவில் இருக்கிற நம் சகோதரர்களுக்கு அது கூடத் தேவையில்லை. குற்றம் நிரூபிக்கப்பட முன்னமே, குற்றம் சாட்டப்பட்டதையே வைத்து அந்த விசாவை ரத்துச் செய்ய விதி இடம் கொடுக்கிறது. பத்து வருடத்துக்கு மேலாக ஃபக்டரியில் ராத்திரி ஷிஃப்ட் செய்து பிள்ளைகளை வளர்த்த ஒருவர், டிக்கியில் மறந்துபோன ஒரு கத்தியால் தடுப்பு முகாமுக்குப் போகலாம். இவர்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: இன்றைக்கே காரைத் திறந்து பாருங்கள்.

விக்டோரியாவில் தவணை முடிந்த பிறகும் மசெட்டி வீட்டில் இருப்பவர் அதைக் காரில் போட்டுக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்கு ஓட வேண்டாம், வழியில் மறித்தால் கதை வேறு. முதலில் விக்டோரியா லீகல் எய்ட், 1300 792 387. சிட்னியில் லோ அக்ஸஸ், 1300 888 529. இங்கிலிஷில் தடுமாறுபவர்கள் 131 450க்கு எடுத்து 'தமிழ்' என்று கேட்டால் மொழிபெயர்ப்பாளர் வருவார். இங்கிலிஷ் போதாதவரைப் பொலிஸ் நிலையத்தில் விசாரிக்கும் முன் மொழிபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்வது பொலிஸின் கடமை. 'யெஸ், யெஸ்' என்று தலையாட்டி அந்த வசதியை வேண்டாமென்று சொல்லிவிடாதீர்கள்.

அம்மா இப்போது தேங்காயைச் சுத்தியலால் உடைக்கிறா. பாதி இளநீர் கராஜ் தரையில்தான். "உன்ரை அப்பா இருந்திருந்தா ஒரே வெட்டு," என்கிறா, ஒவ்வொரு சனிக்கிழமையும்.